பால் ஒத்துக்கொள்ளாத மாப்பிள்ளை

நல்ல சேதி கேட்டால் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது என்று சொல்வார்கள். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் மாப்பிள்ளைக்கு உள்ளூர எரிச்சல் வரும். அவன் வயிற்றில் நிஜமாகவே பால் வார்த்தார்கள். நாலு வருஷமாக, தினம் மூன்று வேளை, அன்பாக வார்த்தார்கள். அதனால் அவன் பட்ட பாடு அவனுக்கும் குளியலறைத் தாழ்ப்பாளுக்கும்தான் தெரியும்.

அவனுக்கு டவர் கிரேன் ஓட்டும் வேலை. கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்குப் பக்கத்தில் இரும்புத் தூண் ஒன்று வானத்தைப் பார்த்து நிற்கும். அதன் உச்சியில், அறுபது மீட்டர் உயரத்தில், ஆள் ஒருவர் கால் நீட்டக்கூட முடியாத கண்ணாடிக் கூண்டு. காலையில் தூணுக்குள் இருக்கும் ஏணியில் கால்மணி நேரம் ஏறி உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவான். கூலியாட்கள் அவனை ‘மேல்வீட்டுக்காரர்’ என்பார்கள். ‘மேல்வீட்டுக்காரர் இன்னிக்கு நல்ல மூடுல இருக்கார், சுமை பூ மாதிரி வந்து உக்காருது’ என்று பேசிக்கொள்வார்கள். கொக்கியில் இரண்டு டன் தொங்கினாலும் முட்டையை வைப்பது போல இறக்குவான். அந்தப் பெயரை அவன் பதினோரு வருஷம் பாடுபட்டுச் சம்பாதித்திருந்தான்.

வீட்டில் அவன் வெறும் மாப்பிள்ளை. மனைவி ஒரே பெண். மாமனாருக்குப் பால்கடை. கீழே கடை, மேலே வீடு. கடைக்குப் பின்னால் பால் காய்ச்சும் பெரிய எவர்சில்வர் தொட்டி, அதையொட்டிக் குளிர் அறை, அதில் தயிர், வெண்ணெய், மோர், ஐஸ்கிரீம். மாமியார் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டபோது, ‘மூணே மூணு மாசம் போய் இருந்துட்டு வரலாம்’ என்று மனைவி சொன்னாள். இரண்டு பெட்டியோடு போனார்கள். மாமியார் மூன்றாம் மாதமே எழுந்து நடந்துவிட்டார். ஆனால் அதற்குள் வாடகை வீட்டைக் காலி செய்திருந்தார்கள், மனைவிக்கும் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. பெட்டிகள் பரணில் ஏறின. அவன் வீட்டோடு மாப்பிள்ளை ஆனான்.

குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் சங்கடமே. உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார்கள். மாமனார் விடியும்போதே எழுந்து, வந்த கேன்களில் எது திக்கான பால் என்று பார்த்து, அதிலிருந்து மாப்பிள்ளைக்கென்று எடுத்துத் தன் கையால் சுண்டக் காய்ச்சுவார். பெரிய தம்ளர். மேலே ஆடை மிதக்கும். அவன் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பார். ‘உசரத்துல வேலை பாக்கறவர், உடம்புல தெம்பு வேணும்’ என்பார். மதியத்துக்கு மாமியார் கட்டிக்கொடுக்கும் சாப்பாட்டில் பாதி டப்பா தயிர் இருக்கும். சாயங்காலம் வந்ததும் பால் தூக்கலாகக் காபி. ஞாயிற்றுக்கிழமை ஐஸ்கிரீமும் சேரும்.

கல்யாணத்துக்கு முன்னால் எப்போதாவது பால் குடித்தால் வயிறு கொஞ்சம் உப்பும், அவ்வளவுதான். இங்கே வந்த பிறகு அது வளர்ந்துகொண்டே போனது. குடித்து அரைமணி, முக்கால்மணியில் வயிற்றுக்குள் யாரோ மேசை நாற்காலியை நகர்த்துவது போலச் சத்தம் கேட்கும். பிறகு வயிறு மத்தளமாகும். பிறகு முறுக்கும். அதற்கு அப்புறம் ஓட வேண்டும். தரையில் இருப்பவன் ஓடலாம். அறுபது மீட்டர் உயரத்தில் இருப்பவன் எங்கே ஓடுவது? முதலில் காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தான், காரத்தை விட்டான். பிறகு பயம்தான் காரணமோ என்று சந்தேகப்பட்டான். இத்தனை வருஷம் கழித்து உயரத்தைக் கண்டு உள்ளுக்குள் நடுங்குகிறேனோ என்று தோன்றியபோது அவனுக்கே அவன்மேல் நம்பிக்கை ஆட்டம் கண்டது. யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்துமணி வாக்கில் முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் படிக்கட்டுத் துண்டு ஒன்றைப் பதினோராவது மாடிக்குத் தூக்கிக்கொண்டிருந்தான். பாதி உயரம் வரும்போதே வயிறு பேச ஆரம்பித்துவிட்டது. சரி, இதை இறக்கி வைத்துவிட்டு இறங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டான். படிக்கட்டு அதன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் போல்ட் துளைகள் பொருந்தவில்லை. ஒரு விரற்கடை தள்ளியிருந்தது. சுமையைக் கொக்கியிலேயே பிடித்து வைத்திருக்கும்படி சிக்னல்காரர் வாக்கிடாக்கியில் சொன்னார்.

அவன் பிடித்து வைத்திருந்தான். இரண்டு கையும் இரண்டு லீவரில். காலடியில் கண்ணாடித் தரை, அதற்குக் கீழே காற்று, அதற்குக் கீழே அந்தப் படிக்கட்டைச் சுற்றி நாலு பேர் குனிந்து துளையைக் குடைந்துகொண்டிருந்தார்கள். வயிறு முறுக்கியது. பல்லைக் கடித்தான். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. வலி வரும், விடும், முன்னைவிடப் பலமாக வரும். தொடை இரண்டையும் சேர்த்து இறுக்கிக்கொண்டு, கால்விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கை ஒரு மயிரிழை ஆடினால் கீழே ஒருவருக்குக் கை போகும். அது தெரிந்ததால்தான் கை ஆடவில்லை.

“அண்ணே, இன்னும் அஞ்சு நிமிஷம்,” என்றது வாக்கிடாக்கி.

“ம்,” என்றான். அதற்குமேல் வாயைத் திறந்தால் எல்லாமே திறந்துவிடும் போலிருந்தது.

அந்த அஞ்சு நிமிஷம் இருபத்திரண்டு நிமிஷம் ஆனது. கடைசி போல்ட் ஏறி, கொக்கி கழன்ற அந்த நொடியில் அவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ஏணியில் இறங்கினான். வாக்கிடாக்கி கூண்டுக்குள்ளேயே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. எப்படி இறங்கினான் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. மானம் போகாமல் போய்ச் சேர்ந்தான், அவ்வளவுதான். வெளியே வந்தபோது என்ஜினியரம்மா கழிவறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஒரே மாதத்தில் இது மூன்றாம் தடவை என்றார். அடுத்த சுமைக்கு ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள் என்றார். முகம் வெளுத்திருக்கிறது, கை நடுங்குகிறது, என்ன விஷயம் என்று கேட்டார். அவன் தரையைப் பார்த்தான். வயிற்றுப்போக்கு என்று ஒரு பெண்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தான். அந்த யோசனையை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். ஒரு குழாயைக் கொண்டுவரச் சொல்லி ஊதச் சொன்னார். ஊதினான். குடித்திருக்கவில்லை என்று வந்தது. அப்படியானால் பயம்தான் என்று அவர் முடிவு கட்டிவிட்டது அவர் குரல் திடீரென்று கனிந்ததில் தெரிந்தது. டாக்டரிடம் போய் உடம்பு சரியாக இருக்கிறது என்று எழுதி வாங்கி வரும்வரை மேலே ஏறக்கூடாது என்றார். அதுவரை வாசலில் உட்கார்ந்து, வருகிற போகிற லாரி நம்பர்களை எழுதச் சொன்னார்.

மேல்வீட்டுக்காரர் வாசற்காரர் ஆனார். மேலே வேறு ஒருவன் ஓட்டினான். சுமை ஆடி ஆடி இறங்குவதை அண்ணாந்து பார்க்கையில் இவனுக்குக் கை துறுதுறுத்தது.

டாக்டர் வயதான அம்மாள். வயிற்றை அழுத்திப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், கடைசியில் ஒரு வாரம் என்னென்ன சாப்பிடுகிறான் என்று ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எழுதிக்கொண்டு போனான். அவர் சிவப்புப் பேனாவால் அங்கங்கே கோடு போட்டுக்கொண்டே வந்து, காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். எல்லாக் கோடும் பால், தயிர், மோர், காபிக்கு அடியில் இருந்தது.

“பால் நிறைய குடிப்பீங்களோ?”

“குடிக்க வைப்பாங்க,” என்றான்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் இனிப்பாக ஏதோ கரைத்துக் குடிக்கக் கொடுத்து, அரைமணிக்கு ஒருதரம் ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். மூன்று மணி நேரம் ஊதினான். சாராயத்துக்கு ஊதியதில் தப்பித்தவன் பாலுக்கு ஊதியதில் மாட்டிக்கொண்டான். பாலில் ஒரு சர்க்கரை இருக்கிறது, அதை உடைத்துச் செரிக்கவைக்கும் சரக்கு சிலருக்கு வயது ஏற ஏறக் குடலில் வற்றிவிடும், அவ்வளவுதான், இது வியாதியும் இல்லை, வெட்கப்படுகிற விஷயமும் இல்லை என்றார் டாக்டர். இரண்டு வாரம் பால் பக்கமே போகக்கூடாது. அப்புறம் எது, எவ்வளவு தாங்குகிறது என்று மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. பயம் இல்லை. நான் பயப்படவில்லை. அதையே பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தான். கடை வாசலில் இறங்கி, பால் கேன்கள் அடுக்கியிருப்பதைப் பார்த்ததும்தான் இரண்டு வாரம் என்பதன் நீளம் உறைத்தது.

மனைவியிடம் மட்டும் சொன்னான். அவள் முதலில் சிரித்தாள், அப்புறம் அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினாள். அப்பாவிடம் தானே பக்குவமாகச் சொல்வதாகச் சொன்னாள். வேண்டாம் என்றான். ஊருக்கே பால் ஊற்றுகிற மனுஷன். அவரிடம் போய் உங்கள் பால்தான் என்னைப் படுத்துகிறது என்று எந்த வாயால் சொல்வது?

அதனால் திருட்டுத்தனம் ஆரம்பமானது. காலையில் பால் தம்ளரை வாங்கிக்கொண்டு, ரொம்பச் சூடாக இருக்கிறது, குளித்துக்கொண்டே குடிக்கிறேன் என்று குளியலறைக்குள் போய்விடுவான். குளித்துக்கொண்டே பால் குடிக்கிற மாப்பிள்ளையை மாமனார் விசித்திரமாகப் பார்த்தார். உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு, பாலைத் தண்ணீர் போகும் துளையில் ஊற்றுவான். ஊற்றும்போது கை கூசும். கடையில் ஒரு சொட்டுச் சிந்தினால் துணி எடுத்துத் துடைக்கிற மனுஷனின் பால். தயிரை வேலையிடத்து வாசலில் காவல்காரரிடம் தள்ளிவிட்டான். சாயங்காலக் காபியை வரும் வழியிலேயே குடித்துவிட்டதாகச் சொல்லிவிட்டு, டீக்கடையில் கறுப்புக் காபி குடித்துவிட்டு வந்தான். ஹெல்மெட் பைக்குள் சோயா பால் பாக்கெட்டை ஒளித்து வைத்துக்கொண்டு, படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு உறிஞ்சினான். பச்சைப் பயறை ஊறவைத்த தண்ணீர் போல வாடை அடித்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான்.

வயிறு ஐந்தே நாளில் ஊமையாகிவிட்டது. இப்படியும் ஒரு வயிறு இருக்க முடியும் என்பதையே அவன் மறந்திருந்தான்.

பத்தாம் நாள் மாமியாருக்குக் குளியலறையில் ஏதோ நாற்றம் அடித்தது. முதலில் பினாயில் ஊற்றினார். அடங்கவில்லை. பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை காலையில், குழாய்க்காரரை வரவழைத்துவிட்டார். அவன் சவரம் செய்துகொண்டிருந்தபோதுதான் குழாய்க்காரர் பையோடு உள்ளே நுழைந்தார். தடுக்க ஒரு காரணமும் அவனுக்குத் தோன்றவில்லை. பாதி முகத்தில் நுரையோடு நின்றான். குழாய்க்காரர் துளையின் மூடியைக் கழற்றி, விரலை விட்டு வழித்து, வெள்ளையாகக் கொழகொழவென்று வந்ததை முகர்ந்து பார்த்தார். கடைக்காரர் வீடாயிற்றே என்று நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்.

“ஐயா, இது பால். யாரோ தினமும் இதுல பால் ஊத்திருக்காங்க. திரிஞ்சு போய் அடைச்சிருக்கு.”

மாமனார் குளியலறை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். குழாய்க்காரரைப் பார்த்தார், துளையைப் பார்த்தார், கடைசியில் மாப்பிள்ளையின் பாதி முகத்தைப் பார்த்தார். கீழே கடைக்குப் போய்விட்டார்.

அன்று முழுக்க வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மாமியார் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைத்தார், அது இன்னும் பயமாக இருந்தது. மனைவி, ‘போய்ப் பேசுங்க, இல்லன்னா நான் பேசுவேன்’ என்று கெடு வைத்தாள். சாயங்காலம் கடையில் கூட்டம் குறைந்தபோது அவன் கீழே இறங்கிப் போனான். மாமனார் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவன் எல்லாவற்றையும் சொன்னான். கிரேன், படிக்கட்டு, இருபத்திரண்டு நிமிஷம், லாரி நம்பர், டாக்டர். சொல்லச் சொல்ல அவர் கை மெதுவாகி நின்றது.

“நாலு வருஷமா?” என்றார்.

“ஆமா மாமா. பால் எனக்கு ஒத்துக்கல.”

“நான் என் கையால காய்ச்சிக் குடுத்தது, உங்களை மேல உக்கார வெச்சு வதைச்சிருக்கு.” அவர் குழாயை மூடினார். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மாப்ள? நான் என்ன அந்நியனா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இரண்டு வாரம் முடிந்து டாக்டர் கடிதம் கொடுத்தார். அதைப் படித்த என்ஜினியரம்மா, ‘பாலா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மேலே போகச் சொல்லிக் கைகாட்டினார். அவன் ஏறி உட்கார்ந்து முதல் சுமையைத் தூக்கி இறக்கியபோது, மேல்வீட்டுக்காரர் குடி வந்துவிட்டார் என்று சிக்னல்காரர் வாக்கிடாக்கியில் எல்லோருக்கும் அறிவித்தார்.

வீட்டில் இப்போது எல்லாம் வெளிப்படை. மாமியாருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. பாதாம் பால் வாங்கி வந்தார். அது அரிசி கழுவிய தண்ணீர் போல இருந்தது. தேங்காய்ப் பாலில் காபி போட்டார். மேலே எண்ணெய் மிதந்தது, தலைக்குத் தேய்ப்பதா குடிப்பதா என்று மனைவி கேட்டாள். ஓட்ஸ் பால்தான் காபியோடு கொஞ்சம் ஒத்துப்போனது. மாமனார் இந்தக் கூத்தையெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் அந்த ஓட்ஸ் பாக்கெட்டை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்தையெல்லாம் படித்தார்.

“இதுக்கு யாரு பால்னு பேர் வெச்சது? ஓட்ஸுக்கு மடி எங்க இருக்கு?” என்றார்.

மறுநாள் கடையை மாமியாரிடம் விட்டுவிட்டு எங்கேயோ போனார். தொடர்ந்து மூன்று நாள் போனார். நாலாம் நாள் சின்ன மருந்துப் புட்டி ஒன்றோடு வந்தார். பெரிய பால் பண்ணை ஒன்றில் வேலை பார்க்கும் பழைய கூட்டாளியிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்திருந்தார். மாப்பிள்ளையின் குடலில் எந்தச் சரக்கு வற்றிப்போனதோ, அந்தச் சரக்கையே சொட்டு சொட்டாகப் பாலில் விட்டு, ஒரு முழுநாள் குளிரில் வைத்தால், பாலே தன் சர்க்கரையை முன்கூட்டிச் செரித்துவைத்துவிடுமாம். அறுபத்தாறு வயதில் நோட்டு வாங்கி, அளவெல்லாம் எழுதி வைத்திருந்தார். இரண்டு முறை சரிவரவில்லை என்று அவரே கொட்டிவிட்டார். பாலைக் கொட்டுகிற மாமனாரை அந்த வீடு அன்றுதான் பார்த்தது.

ஒரு விடுமுறை நாளில் தம்ளரை அவன் கையில் கொடுத்தார். வீடே சுற்றி நின்றது. வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. குடித்தான். வழக்கத்தைவிடக் கொஞ்சம் தித்தித்தது. எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அரைமணி ஆயிற்று, ஒருமணி ஆயிற்று, இரண்டுமணி ஆயிற்று. வயிறு வாயே திறக்கவில்லை. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமனார் கீழே போனார். கடையில் அவர் ஏதோ பாட்டை முணுமுணுப்பது மேலே கேட்டது.

மறுநாளிலிருந்து காலைப் பால் திரும்ப வந்துவிட்டது. அதே பெரிய தம்ளர். அதே ஆடை.

அப்போதுதான் மாப்பிள்ளைக்கு ஒரு விஷயம் தெளிவாகப் புரிந்தது. வயிறு சத்தம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் நாக்கு சொன்னது அவன் காதில் விழவே இல்லை. இப்போது வயிறு அமைதியானதும் நாக்கு பேசியது. அவனுக்குப் பால் பிடிக்கவில்லை. அந்த வாடை பிடிக்கவில்லை, உதட்டில் ஒட்டும் ஆடை பிடிக்கவில்லை, தொண்டையில் வழவழவென்று இறங்குவது பிடிக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே பிடிக்கவில்லை. பால் இல்லாமல் கழிந்த வாரங்களில் கறுப்புக் காபி குடித்தானே, அது எவ்வளவு நன்றாக இருந்தது என்று நினைத்து ஏங்கினான். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டர் இருக்கிறார், கடிதம் இருக்கிறது. பிடிக்கவில்லை என்பதற்கு எந்த ஆஸ்பத்திரியில் ஊதி நிரூபிப்பது? அதுவும் ஒரு மனுஷன் நோட்டுப் போட்டுப் படித்து, புட்டி தேடி அலைந்து செய்த பாலை.

இதற்குள் கடைக்கு வருகிறவர்களிடம் மாமனார் கதையைச் சொல்லிவிட்டிருந்தார். கேட்டவர்களில் பாதிப் பேர், எனக்கும் அப்படித்தான் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். தபால்காரர், பள்ளிக்கூடத்து வாத்தியார், எதிர்வீட்டு அம்மாள் என்று ஒவ்வொருவராகக் கேட்டு வாங்கிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். ‘அந்த மாப்பிள்ளைக்குக் குடுக்கற பாலைக் குடுங்க’ என்று கேட்டுக் கேட்டு, அதற்கு ‘மாப்பிள்ளை பால்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. ஒருநாள் வேலை விட்டு வந்தபோது கடைக்கு மேலே பலகை தொங்கியது. ‘மாப்பிள்ளை பால் இங்கே கிடைக்கும்.’ பெயிண்ட் இன்னும் காயவில்லை. அவன் அதற்கு அடியில் கொஞ்ச நேரம் நின்றான். கிரேன் கூண்டுக்காவது இறங்கிப் போக ஒரு கதவு இருந்தது.

இரண்டு மாதம் தள்ளினான். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாமனார் வழக்கம் போலத் தம்ளரோடு எதிரில் நின்றபோது, இன்னொரு பன்னிரண்டு நாள் திருட்டுக்கு உடம்பில் தெம்பு இல்லை என்று அவனுக்குத் தோன்றியது. தம்ளரை வாங்கி மேசைமேல் வைத்தான்.

“மாமா, இப்ப பால் ஒத்துக்குது. ஒரு தொந்தரவும் இல்ல. ஆனா எனக்குப் பால் பிடிக்கல.”

மாமனார் அவனைப் பார்த்தார். “பிடிக்கலன்னா?”

“பிடிக்கலன்னா பிடிக்கல. சின்ன வயசுலேர்ந்தே.”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார். அங்கே பலகையின் பின்பக்கம் தெரிந்தது. நெடுநேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். கோபமா வருத்தமா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“வேற யாருகிட்ட சொன்னீங்க?” என்றார் கடைசியில்.

“யாருகிட்டயும் இல்ல. உங்ககிட்டதான் முதல்ல.”

“நல்லது. வெளியில சொல்லிடாதீங்க.” எழுந்து தம்ளரை எடுத்துக்கொண்டார். ஒரு வாய் குடித்துவிட்டு, “நல்லாத்தானே இருக்கு,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு சமையலறைக்குப் போனார். அங்கே பேச்சுக் குரல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மாமியார் கறுப்புக் காபியோடு வந்தார். அதை அவன் முன்னால் வைத்துவிட்டு, கடைப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார்.

அன்றிலிருந்து அதுவே ஏற்பாடு. காபி குடிக்கும்போது ஜன்னல் சாத்தியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமனாருக்குக் கை கொடுக்க அவன் கடையில் நிற்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பலகையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நீங்கள்தானா அந்த மாப்பிள்ளை என்று கேட்பார்கள். ஆமாம் என்பான். பால் எப்படி இருக்கும் என்று அடுத்த கேள்வி வரும். அவன் பக்கத்தில் நிற்கும் மாமனாரை ஒருதரம் பார்ப்பான். அவர் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார்.

“வயித்தை ஒண்ணும் பண்ணாது,” என்பான்.